ஏணி சாய்ந்த பக்கம்

இலங்கையின் முதல் அரச மருத்துவப் பள்ளி கொழும்பில் திறக்கப்பட்டது. ஆனால் அதைத் திறக்க வைத்த நோய் கொழும்பின் நோயன்று. 1860களில் வன்னிக் கிராமங்கள் ஆளற்றுப் போய்க்கொண்டிருந்தன. குளங்கள் உடைந்து கிடந்தன, வயல்களில் காடு ஏறியது, எஞ்சிய சனத்தின் உடம்பில் பறங்கிப் புண் படர்ந்திருந்தது. காரணத்தை ஆராயப் போன அரச வைத்தியர் ஜேம்ஸ் லூஸ் 1868இல் கொடுத்த அறிக்கை நோயை விவரித்ததோடு நிற்கவில்லை. ஊர்ப்புறத்துக்கு வைத்தியம் போய்ச் சேர வேண்டுமானால் இந்நாட்டுப் பிள்ளைகளையே பயிற்ற வேண்டும் என்றும் சொன்னது. ஆளுநர் ஹெர்குலிஸ் ரொபின்சன் காலத்தில், 1870 ஜூன் 1ஆம் திகதி, கொழும்புப் பொது வைத்தியசாலைக்குள் ஒரு வார்ட்டில், 25 மாணவர்களோடு பள்ளி தொடங்கியது. படிப்புக் காலம் மூன்று ஆண்டுகள். முதல் அதிபராக வந்தவரும் லூஸ்தான். காட்டோரத்துக் குடிகளுக்காகக் கேட்கப்பட்ட பள்ளி, கிடைத்த நாளிலிருந்தே கடற்கரைத் தலைநகரில் குடியிருந்தது. இந்தக் கட்டுரையின் கேள்வி அந்த இடப் பொருத்தமின்மையிலிருந்து பிறக்கிறது.

வன்னிக்குத் தென்மேற்கே, வில்பத்துக் காட்டைத் தாண்டினால் புத்தளம் மாவட்டம். உட்பகுதியில் குளமும் காடும் காய்ச்சலுமாகக் கிடந்த தெமள ஹத்பத்து. மேற்கே களப்பு, உப்பளம், களப்புக்கு அப்பால் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடு. தெற்கே முந்தல், உடப்பு, சிலாபம் என்று மீன்வாடிகளும் தென்னந்தோட்டங்களும் தொடரும் கரை. வைத்தியரின் சம்பளம் போதுமா, அவர் ஏன் நாட்டைவிட்டுப் போகிறார், கிராமத்துக்கு ஏன் வர மறுக்கிறார் என்று இன்று நடக்கும் வாதங்கள் எல்லாவற்றையும் இந்தக் கரையில் வைத்து உரசிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கரையில் யார் வைத்தியம் பார்ப்பார் என்பதைச் சம்பளத் தொகை தீர்மானித்ததைவிட, படிப்பும் பதவியும் எந்தப் பக்கம் ஏறிப்போகின்றன என்பதே அதிகமாகத் தீர்மானித்திருக்கிறது. ஏணி எங்கே சாய்த்து வைக்கப்பட்டதோ, ஆட்கள் அங்கேதான் போய் இறங்கினார்கள்.

அரச வைத்தியர் வருவதற்கு முன்பும் கரையில் வைத்தியம் இருந்தது. தமிழ் ஊர்களில் பரியாரி, முஸ்லிம் ஊர்களில் ஹக்கீம், சிங்கள ஊர்களில் வெதமாத்தயா, எல்லா ஊருக்கும் பொதுவாக விஷகடிக்குப் பார்ப்பவர். இவர்களின் கல்வி வீட்டுத் திண்ணையில் நடந்தது. தகப்பன் அரைத்த மருந்தை மகன் அரைத்தான்; ஏட்டைப் படியெடுத்தான்; யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம் போன்ற மருத்துவ நூல்கள் இந்த வழியில்தான் தலைமுறை தாண்டின. கூலி காசாகவும் வரும், நெல்லாக, மீனாக, வெற்றிலையில் வைத்த காணிக்கையாகவும் வரும். இந்த முறையைப் பொற்காலமாக்கிப் பேச வேண்டியதில்லை. மலேரியாவையும் பறங்கியையும் இவர்களால் நிறுத்த முடியவில்லை என்பதற்கு ஆளற்ற கிராமங்களே சாட்சி. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பரியாரியின் பெயர், நோயாளிகள், மூலிகை கிடைக்கும் இடம் எல்லாமே ஊருக்குள் இருந்தன. ஊரைவிட்டுப் போனால் அவர் வைத்தியரே அல்லர். தொழிலில் உயர்வதென்றால் அதே ஊரில் பெயரெடுப்பதுதான். இதற்கு நேர்மாறான முறையை ஒல்லாந்தர் கொண்டுவந்தார்கள். கம்பனியின் அறுவை வைத்தியர் மாதச் சம்பளக்காரர். கட்டளை வந்தால் ஒரு கோட்டையிலிருந்து இன்னொரு கோட்டைக்குப் போவார். அவருடைய உயர்வு கம்பனியின் பதவி வரிசையில் இருந்தது, அவர் நின்ற ஊரில் இருக்கவில்லை. இன்றைய அரச வைத்தியரின் இடமாற்றக் கடிதத்துக்கு மூதாதை அங்கேதான்.

இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி உண்டு என்று காட்ட முயன்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர், மானிப்பாயில் இருந்துகொண்டு 60க்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். விரைவிலேயே ஒரு விஷயத்தைக் கண்டார்: ஆங்கிலத்தில் படித்து முடித்தவன் அரச சம்பளத்தைத் தேடி வெளியூர் போய்விடுகிறான்; ஊரில் நிற்பதில்லை. ஆகவே 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். மொழிப்பற்று மட்டும் இதற்குக் காரணமில்லை. படிப்பின் மொழியை மாற்றினால் தொழிலின் திசையும் மாறும் என்ற கணக்கு அதில் இருந்தது. சம்பளத்தைக் கூட்டி ஆளை நிறுத்தப் பார்க்காமல், ஏணியை வேறு சுவரில் சாய்த்துப் பார்த்த முதல் முயற்சி இது. கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அவருக்குப் பின் அந்த முறை நீடிக்கவில்லை. தமிழில் படித்தவருக்கு அரச அங்கீகாரம் என்ற அடுத்த படி இருக்கவில்லை. அடுத்த படி இல்லாத ஏணியில் எவ்வளவு நல்ல முதற்படியும் நிற்காது என்பதையும் அதே முயற்சி சொல்லிவிட்டுப் போனது.

கொழும்புப் பள்ளிக்கு அடுத்தடுத்த படிகள் தாராளமாகக் கிடைத்தன, ஆனால் எல்லாம் ஒரே திசையில். பள்ளி திறந்து இரண்டே ஆண்டில், 1872இல், மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. பெயர் பொதுவானது, நோக்கம் கோப்பித் தோட்ட மாவட்டங்களுக்கு வைத்தியர்களை அனுப்புவது. கோப்பி நாட்டுக்குப் பணம் கொண்டுவந்தது, தோட்டக் கூலிகள் வழியிலும் லயத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள், எனவே அந்தத் தேவை உண்மையானதே. ஆனாலும், வறண்ட நாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்ட வைத்தியர்களைத் தனிச் சட்டம் போட்டு முதலில் அழைத்தது மலைநாடு. உப்பும் கருவாடும் தேங்காயும் ஏற்றிய கரைக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை. 1880இல் பள்ளி, இலங்கை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிரித்தானிய மருத்துவச் சபை அதன் பட்டத்தை ஏற்றுக்கொண்டது. இதை வெறும் அடிமைப் புத்தி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. வெள்ளைக்கார வைத்தியருக்கு இணையாக உள்ளூர் வைத்தியர் நிற்பதற்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இலண்டனுக்குச் சமமாவதற்கு ஒரு விலை இருந்தது. படிப்பு ஐந்து ஆண்டாக நீண்டது. ஆங்கிலப் பாடசாலையும் கொழும்பில் தங்கிப் படிக்கும் வசதியும் உள்ள வீட்டுப் பிள்ளைகளே உள்ளே வர முடிந்தது. வெளியே வந்தவருக்குக் கறுவாத்தோட்டத்து நோயாளிகளும் எடின்பரோவின் மேற்படிப்பும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிந்தன. புத்தளம் அவருக்குத் தண்டனை இடமாயிற்று. சிலாபத்துக்கு ரயில் வந்ததே 1916இல், புத்தளத்துக்கு 1926இல். கற்பிட்டிக்கு ரயில் ஒருபோதும் வரவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் அப்போதிக்கரி. மருத்துவக் கல்லூரியிலேயே குறுகிய பயிற்சி பெற்று, முழு வைத்தியரைவிடக் குறைந்த சம்பளத்தில், ஊர்ப்புற மருந்துச்சாலைகளைத் தனியாளாக நடத்தியவர். மருந்துச்சாலை என்றால் ஓட்டுக் கூரை, ஒரு மேசை, ஒரு அலுமாரி, பெரிய சாடிகளில் கரைத்து வைத்த கலவை. நோயாளி வீட்டிலிருந்தே வெற்றுப் போத்தலைக் கழுவிக் கொண்டுபோக வேண்டும். கலவையை ஊற்றி, போத்தலின் பக்கத்தில் பல்வரிசைபோல ஓரம் வெட்டிய தாள் துண்டொன்றை நீளமாக ஒட்டிக் கொடுப்பார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை மருந்து. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் அந்தத் தாள் அளவு சொல்லும். காய்ச்சல் காலத்தில் போத்தலில் நிறைந்தது கொயினாவின் கசப்பு. இந்த மனிதருக்கு மேலே ஏறப் படி இல்லை. எவ்வளவு காலம் உழைத்தாலும் அவர் முழு வைத்தியராக முடியாது. அந்தக் குறையே கரைக்கு வரமாயிற்று. போக வேறிடம் இல்லாதவர் ஆண்டுக்கணக்கில் ஒரே ஊரில் இருந்தார், ஊரின் மொழியைப் பேசினார், எந்த வீட்டில் எந்த நோய் வரும் என்று அறிந்தார். ஒரு மனிதரின் முன்னேற்றத்தை அடைத்து வைத்துப் பெற்ற சேவை அது என்பதையும் மறைக்கக் கூடாது. பின்னாளில் பதிவு பெற்ற, உதவி மருத்துவ அதிகாரிகள் என்று பெயர் மாறிய இந்தப் பிரிவினரின் மனக்குறை நியாயமானது.

1934–35இன் மலேரியாப் பெருவாரி இந்த அமைப்பின் மெலிவை நாடறியச் செய்தது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். விந்தை என்னவென்றால், பேரழிவு நிகழ்ந்தது ஆண்டுதோறும் காய்ச்சலோடு வாழ்ந்து உடல் பழகிப்போன புத்தளத்து உட்பகுதியில் அல்ல. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கிய கேகாலை, குருநாகல், சிலாபம் பக்கங்களில்தான். வழக்கமாகக் காய்ச்சல் இல்லாத இடத்தில் வந்ததால் அது செய்தியாயிற்று, அரசியலாயிற்று, அறிக்கைகளாயிற்று. அதன் பின் ஊர்ப்புற வைத்தியசாலைகள் பெருகின. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கியது. கட்டிடமும் மருந்தும் கரைக்கு வந்தன. ஆளைக் கொண்டுவருவதுதான் மிஞ்சிய வேலை. அதற்கு 1961இல் அரசு சட்டத்தைக் கையிலெடுத்தது. அந்த ஆண்டின் 70ஆம் இலக்கக் கட்டாய அரச சேவைச் சட்டம், மக்கள் பணத்தில் படித்தவரைச் சில ஆண்டுகள் அரச சேவைக்குக் கட்டிப்போட்டது. கட்டியது அரசோடுதான், எந்த ஊரோடும் இல்லை. கொழும்பில் கழித்த ஐந்து ஆண்டும் கற்பிட்டியில் கழித்த ஐந்து ஆண்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே.

சட்டத்தின் கண்ணில் ஒன்றானவை பணப்பையில் ஒன்றாக இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அரச வைத்தியர்கள் தனியார் தொழில் செய்வது தடுக்கப்பட்டது. 1977க்குப் பிறகு, கடமை நேரம் முடிந்ததும் செய்யலாம் என்று வழி திறந்தது. இந்த மாற்றம் சம்பளப் பட்டியலில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆனால் வைத்தியரின் வரைபடத்தையே மாற்றியது. அன்றிலிருந்து அவருடைய வருமானம் இரண்டு பகுதி: ஒன்று எங்கிருந்தாலும் ஒரே அளவில் வருவது, மற்றது நகரத்தின் செல்வத்துக்கேற்பக் கூடிக் குறைவது. மாலையில் சனல் சென்டரில் வரிசையாக நோயாளிகள் காத்திருக்கும் நகரத்துக்கும், மீன்பாடு இல்லாத மாதத்தில் கையில் காசே புழங்காத மீன்வாடிக்கும் ஒரே சம்பளம் கொடுத்துவிட்டுச் சமநீதி செய்தோம் என்று சொல்ல முடியாது. மேற்படிப்பும் அதே பக்கம் சாய்ந்தது. முன்பு நிபுணராக விரும்பியவர் இங்கிலாந்துக்குப் போனார். 1980இல் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் வந்தது நாட்டுக்கு ஆதாயமே. ஆனாலும் தேர்வுக்குப் படிக்க நூலகமும் வழிகாட்டும் நிபுணரும் பெரிய வைத்தியசாலைகளில்தான் இருந்தார்கள். பட்டம் பெற்ற பின்னும் நிபுணராக உறுதிப்பட வெளிநாட்டில் ஒரு காலப் பயிற்சி வேண்டும் என்ற நிபந்தனை நின்றது. ஏணியின் கடைசிப் படியே கடல் கடந்து வைக்கப்பட்டிருக்கும்போது, அதில் ஏறியவர் சிலர் திரும்பாததில் வியக்க என்ன இருக்கிறது?

இந்தச் சாய்வைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் உள்ளகப் பயிற்சி முடித்த வைத்தியர்கள் முதல் நியமனம் பெறும் முறையைப் பார்க்கலாம். பட்டப் பரீட்சைப் புள்ளிப்படி எல்லோருக்கும் ஒரு திறமைப் பட்டியல். வெற்றிடங்களுக்கு இன்னொரு பட்டியல். முதலிலுள்ளவர் முதலில் தெரிவு செய்வார். கொழும்பும் கண்டியும் காலியும் மேல் வரிசையோடு தீர்ந்துவிடும். பட்டியலின் அடிப்பகுதிக்கு வரும்போது எஞ்சி நிற்பவை கரையோர, எல்லையோரப் பெயர்கள். யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை, முறை வெளிப்படையானது. ஆனால் அந்த முறை இளம் வைத்தியரின் மனதில் ஒரு பாடத்தைப் பதிக்கிறது: இந்த ஊர் உனக்குக் கிடைத்தது நீ பின்தங்கியதால். அங்கே வருபவர் முதல் நாளிலிருந்தே இடமாற்றத்தை எண்ணத் தொடங்குகிறார். கஷ்டப் பிரதேசத்தில் பட்ட பாட்டுக்கு வெகுமதி, அங்கிருந்து வெளியேறும் உரிமைதான். இதற்கிடையே கரையின் தேவை பெருகிக்கொண்டே போனது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது பெரும்பாலோர் வந்திறங்கியது புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும். கிடுகுக் குடில்களில் சனம் ஒரே மாதத்தில் நிறைந்தது. வைத்தியசாலையின் ஆளணி அந்த வேகத்தில் நிறையக்கூடியதன்று. அதே பத்தாண்டில் உதவி மருத்துவ அதிகாரிகளைப் புதிதாகப் பயிற்றுவதும் நின்றது. ஊரில் தங்கும் ஒரே வகையினரின் வரத்து, தேவை மிகுந்த வேளையில் அற்றுப்போனது.

இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, சம்பளம்தான் மூலம் என்பது. 2022இன் நெருக்கடியில் ரூபாய் சரிந்தபோது வைத்தியர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்களே, அதற்கு ஏணி காரணமா? இல்லை, பணம்தான் காரணம். அரச ஊழியர் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசே அந்த ஆண்டு வாசலைத் திறந்தும் விட்டது. நாட்டைவிட்டுப் போவதைச் சம்பளம் கொண்டு விளக்கலாம். ஆனால் நாட்டுக்குள் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சம்பளம் கொண்டு விளக்க முடியாது. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் டட் (DAT) எனப்படும் இடையூறு, தயார்நிலை, போக்குவரத்துக் கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக உயர்ந்தது. ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் எங்களுக்கு எங்கே என்று வேலைநிறுத்தத்தில் இறங்கின. கொழும்பில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் கிடைக்கும் அந்த உயர்வு, நாட்டில் தங்குவதற்குக் காரணமாகலாம். கற்பிட்டியில் தங்குவதற்கு எப்படிக் காரணமாகும்? நியாயமான சம்பளம் தேவையில்லை என்பது என் வாதமன்று. இரவுக் கடமையும் மேலதிக நேரமும் சேர்ந்தால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு தியாகம் பேசுவது அழகில்லை. சம்பளம் ஒரு கேள்விக்கு விடை; கரையின் கேள்வி வேறு.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ஊரோடு கட்டப்பட்ட வைத்தியர் வேண்டும் என்பது, ஏழைக்கு அரை வைத்தியர் போதும் என்பதன் மறுபெயர் இல்லையா? அப்போதிக்கரியின் காலத்தைப் பார்த்தால் இந்த அச்சத்தில் உண்மை உண்டு. நெஞ்சுவலியோடு வரும் மீனவருக்கு வேண்டியது நகரத்து நோயாளிக்கு வேண்டிய அதே அறிவுதான். பாதி அறிவு அல்ல. பிள்ளைகளின் பாடசாலை, துணைவரின் தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கரையில் கிட என்று வைத்தியரைக் கட்டாயப்படுத்துவதும் முறையன்று. ஆனால் படிப்பின் தரமும் படியின் திசையும் வேறு வேறு. முழுத் தரமுள்ள படிப்பை வேறு இடத்தில் முடிக்கும்படி அமைக்கலாம் என்பதை 1870க்குப் பிறகு எவரும் முடிவுவரை சோதித்துப் பார்க்கவில்லை. மாவட்ட ஒதுக்கீடு அந்தச் சோதனையின் முதற்பாதி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் புத்தளமும் உண்டு. ஆக, புத்தளத்துப் பிள்ளை புத்தளத்தின் பெயரால் வைத்தியராகிறது. மாவட்டம் கொடுத்த இடத்துக்கு மாவட்டம் திருப்பிக் கேட்பது எதுவுமில்லை. உள்ளே நுழையும் கதவில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் வெளியேறும் கதவில் இல்லை. 2018இல் வடமேல் மாகாணத்துக்கென்று வயம்பப் பல்கலைக்கழக மருத்துவபீடம் வந்தது. அமைந்த இடம் குருநாகல் மாவட்டத்துக் குளியாப்பிட்டி. கொழும்பைவிடக் கரைக்கு அருகே என்பது மெய்தான். ஆனாலும் மாணவர் எந்த வார்ட்டுகளில் பழகுகிறார், எந்த ஊரின் நோயைப் பார்த்து வளர்கிறார், பட்டத்துக்குப் பின் எந்தப் படி அவருக்காகக் காத்திருக்கிறது என்பதில்தான் அதன் பயன் தெரியும்.

மூன்றாவது மறுப்பு வெற்றியைச் சுட்டுவது. இவ்வளவு கோணலான ஏணியை வைத்துக்கொண்டே இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற உலகச் சுகாதார நிறுவனச் சான்றிதழைப் பெற்றதே, பிறகென்ன குறை? அந்த வெற்றி உண்மையில் என் வாதத்துக்குத்தான் துணை. மலேரியாவை ஒழித்ததில் நிபுணரின் பங்கு உண்டு; ஆனால் வீடு வீடாக மருந்தடித்தவர், இரத்தப் பூச்சை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தவர், நுளம்பைத் தேடிக் குளக்கரையில் நடந்தவர் எல்லோரும் அந்தந்தப் பிரதேசத்திலேயே வேலையையும் உயர்வையும் கொண்டிருந்தவர்கள். ஏணி ஊரில் நின்ற இடத்தில் நோய் போயிற்று. இனி வருபவை நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகம். இவை வைத்தியர் ஒருநாள் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனால் தீரும் நோய்களல்ல. ஒரே நோயாளியை ஒரே வைத்தியர் பத்தாண்டு பார்க்க வேண்டியவை. பரியாரியிடமும் அப்போதிக்கரியிடமும் கரை பெற்ற நீண்டகாலப் பழக்கம் இப்போதுதான் மருத்துவரீதியாகவும் தேவைப்படுகிறது. புத்தளத்திலும் சிலாபத்திலும் கழித்த ஆண்டுகள் மேற்படிப்புக்குத் தகுதியாக எண்ணப்பட்டால், குடும்ப மருத்துவம் கரையிலேயே படித்து கரையிலேயே நிபுணராகக்கூடிய துறையானால், பட்டியலின் மேலே நிற்பவரும் கற்பிட்டியை விரும்பித் தெரிவு செய்ய ஒரு காரணம் இருக்கும். லூஸ் அன்று கேட்டது ஊர்ப்புறத்துக்குப் போகும் வைத்தியர்களை. கிடைத்தது கொழும்பில் ஒரு கல்லூரி. இரண்டும் ஒன்றே என்று எண்ணியதில்தான் நூற்றைம்பது ஆண்டு கழிந்திருக்கிறது.